வண்டி ஷெட்டில்... வாடகை யார் தலையில்?

அம்பத்தூரிலோ கிண்டியிலோ பெரிய கார் ஒர்க் ஷாப் ஒன்றின் சர்வீஸ் அட்வைசர் மேஜையருகே அரை மணி நேரம் நின்றால் போதும். வருகிறவர்கள் எல்லோரும் வேறு வேறு கதையோடு வருகிறார்கள். ஒருவருக்கு லாரி பின்னால் வந்து இடித்திருக்கும், இன்னொருவர் டிவைடரில் ஏறியிருப்பார், மூன்றாமவரின் கார் தெருவில் நிறுத்தியிருந்த இடத்திலேயே அடிபட்டிருக்கும். எஸ்டிமேட் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர்கள் கேட்கும் கடைசிக் கேள்வி மட்டும் ஒன்றுதான். "ஸ்பேர் வர இருபது நாள் ஆகும்னு சொல்றீங்க. அதுவரைக்கும் நான் எதுல சார் போறது?"

அட்வைசரிடம் அதற்குப் பதில் கிடையாது. சர்வேயரும் பேச்சை மாற்றுவார். பாலிசி விற்ற ஏஜென்டை போனில் பிடித்தால், "அதெல்லாம் இதுல வராதுங்க" என்பார். வருடத்துக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் என்று பிரீமியம் கட்டியவருக்கு, வண்டி இல்லாத நாட்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்பது அன்றைக்குத்தான் தெரிகிறது.

இந்தியாவிலேயே அதிகச் சாலை விபத்துகள் பதிவாகும் மாநிலம் தமிழ்நாடு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இங்கே 64,105 விபத்துகள். நாடு முழுவதும் 4,61,312. போலீஸ் பதிவேட்டில் ஏறியவை மட்டுமே இவை. பம்பர் நசுங்கி, கதவு உள்வாங்கி, அங்கேயே பேசி முடித்துக்கொண்ட மோதல்கள் இந்தக் கணக்கில் இல்லை. இத்தனை வண்டிகள் ஷெட்டுக்குப் போகும் மாநிலத்தில், அந்த நாட்களின் செலவை யார் ஏற்பது என்று யாரும் உரக்கக் கேட்காமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

ஒரு வரி செய்யும் வேலை

நம் ஊரில் விற்கப்படும் 'ஃபுல் இன்சூரன்ஸ்', அதாவது பேக்கேஜ் பாலிசியின் வாசகம் பெரும்பாலும் 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்துத் தந்தது. 2007-க்குப் பிறகு பிரீமியம் எவ்வளவு என்பதைக் கம்பெனிகளே முடிவுசெய்ய ஆரம்பித்துவிட்டன. வாசகம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. சொந்த வண்டியின் சேதத்தைப் பற்றிய முதல் பிரிவில், எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று ஒரு பட்டியல் உண்டு. பட்டியலின் முதலிலேயே நிற்பது 'கான்சிக்வென்ஷியல் லாஸ்'. விபத்தின் விளைவாகப் பின்னால் வந்து சேரும் இழப்பு எதுவானாலும் கம்பெனி பொறுப்பல்ல என்பது அதன் பொருள். கால் டாக்ஸிக்குக் கொடுத்த பணம், வாடகைக்கு எடுத்த கார், போகாமல் விட்ட சவாரி எல்லாம் அந்த வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னைக்காரர்கள் இதே வரியை வேறொரு முகத்தில் பார்த்தார்கள். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்த்ததால் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து பிடித்துக்கொண்டபோது, அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதமல்ல என்று கிளெய்ம்கள் நிராகரிக்கப்பட்டன. அப்போதுதான் 'இன்ஜின் புரொடக்டர்' என்று ஒரு ஆட்-ஆன் இருப்பதே பலருக்குத் தெரியவந்தது. இன்று சென்னையில் கார் வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். வண்டி இல்லாத நாட்களுக்கான ஆட்-ஆனும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. அதைக் கேட்பாரில்லை.

பாலிசிக்குள் உள்ளது என்று நம்பக்கூடிய ஒரே உதவி, வண்டியை இழுத்துச் செல்லும் செலவு. தனியார் காருக்கு டாரிஃப் வாசகத்தில் அதன் உச்சவரம்பு 1,500 ரூபாய், டூவீலருக்கு 300. இன்றைக்கு தாம்பரத்திலிருந்து பாடிக்கு ஒரு காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் பாருங்கள், அந்தத் தொகை எவ்வளவு பழையது என்று புரியும். ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் அன்றைக்கு வீடு போய்ச் சேர ஒரு டாக்ஸி கிடைக்கலாம். மறுநாள் காலையிலிருந்து உங்கள் பாடு.

நாட்கள் எங்கே போகின்றன?

மெக்கானிக்கின் கை வண்டியில் படும் நாட்கள் உண்மையில் குறைவு. டிங்கரிங்குக்கு நான்கு நாள், பெயின்ட் பூத்தில் இரண்டு நாள், பூட்டி மாட்ட ஒன்றிரண்டு நாள். மற்றதெல்லாம் காத்திருப்பு. கிளெய்ம் பதிவுசெய்ய வேண்டும், சர்வேயர் வர வேண்டும், எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் வர வேண்டும். பிரித்துப் பார்த்த பிறகு உள்ளே ஒரு பிராக்கெட் வளைந்திருப்பது தெரிந்தால் மறுபடி சர்வே. ஹெட்லைட் மானேசரிலிருந்தோ புனேயிலிருந்தோ வர வேண்டும். வேலை முடிந்ததும் மறு ஆய்வு, பிறகு கம்பெனி எவ்வளவு தரும், உங்கள் பங்கு எவ்வளவு என்ற கணக்கு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு நாள், மூன்று நாள் கரையும்.

2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பொதுக் காப்பீட்டுக்கான முதன்மைச் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதன்படி, சர்வேயர் தேவைப்படும் கிளெய்ம்களில் தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் அவரை நியமிக்க வேண்டும். 15 நாட்களுக்குள் அவருடைய அறிக்கையைப் பெற வேண்டும். அது கைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். முன்பிருந்த அவகாசங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் கூட்டிப் பாருங்கள், எல்லாம் விதிப்படி நடந்தாலே மூன்று வாரம் கழிய இடம் இருக்கிறது. உதிரிபாகம் வர எடுக்கும் காலம் இதில் சேர்த்தி இல்லை.

அந்த மூன்று வாரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கழிவதில்லை. வீட்டில் இரண்டு கார் வைத்திருப்பவருக்கு அது சின்ன அசௌகரியம். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அம்மாவை அழைத்துப் போகிறவருக்குப் பெரும் செலவு. சொந்தமாக ஒரு டாக்ஸி வாங்கி ஓட்டுகிறவருக்கோ வருமானமே நின்றுபோகிறது. வண்டி ஷெட்டில் நின்றாலும் மாதம் பிறந்தால் டியூ கட்டியாக வேண்டும். ஃபைனான்ஸ் கம்பெனிக்கு விபத்து ஒரு காரணமல்ல. பத்து நாள் ஓட்டாமல் இருந்துவிட்டு, விட்டதைப் பிடிக்க இரவு பகலாக ஓட்டுகிற டிரைவர்கள் நம் சாலைகளில் இருக்கிறார்கள். அடுத்த விபத்துக்கான விதை அந்தத் தூக்கமின்மையில் இருக்கிறது என்பதை இன்சூரன்ஸ் கம்பெனிகளும் யோசிக்க வேண்டும்.

ஆட்-ஆன் தரும் நிழல்

இதற்கென்று நம் சந்தையில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: டெய்லி அலவன்ஸ், கராஜ் கேஷ், கன்வேயன்ஸ் பெனிஃபிட், லாஸ் ஆஃப் யூஸ். வண்டி பழுதுபார்ப்பில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை ரூபாய் என்று முன்பே பேசிய தொகையைத் தருவார்கள். சில திட்டங்களில் பணத்துக்குப் பதில் கால் டாக்ஸி கூப்பன் அல்லது மாற்று வண்டி. கூடுதல் பிரீமியம் பெரிதாக இருக்காது.

கேட்க நன்றாக இருக்கிறது. நிபந்தனைகளைப் படித்தால்தான் நிழல் எவ்வளவு சிறியது என்று தெரிகிறது. முதல் சில நாட்களுக்குப் பணம் கிடையாது என்று பல திட்டங்கள் சொல்கின்றன. அதிகபட்சம் பத்து அல்லது பதினைந்து நாள் என்று மேல் எல்லையும் வைத்திருப்பார்கள். நாட்களை எப்போதிலிருந்து எண்ணுவது என்பதில் இன்னொரு சிக்கல். வண்டி ஷெட்டுக்குள் நுழைந்த நாளா, சர்வே முடிந்த நாளா, வேலை தொடங்கிய நாளா? உதிரிபாகம் வராமல் கிடந்த நாட்களைக் கழித்துவிடும் வாசகங்களும் உண்டு. கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் உள்ள ஒர்க் ஷாப்பில் விட்டால்தான் செல்லும் என்பார்கள். முதன்மைக் கிளெய்ம் ஏற்கப்பட்டால்தான் இதுவும் ஏற்கப்படும். கண்ணாடி மட்டும் உடைந்த மாதிரியான சின்னப் பழுதுகளுக்குப் பெரும்பாலும் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 24 நாள் ஷெட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸ் போய்வர ஒரு நாளைக்கு 700 ரூபாய் கால் டாக்ஸிக்கு ஆகிறது. மொத்தம் 16,800. நீங்கள் எடுத்த ஆட்-ஆன் நாளொன்றுக்கு 500 ரூபாய், முதல் மூன்று நாள் கழிவு, அதிகபட்சம் பத்து நாள். கையில் வருவது 5,000. மீதி 11,800 உங்கள் பையிலிருந்து. அதே வண்டிக்குப் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்திருப்பார்கள். கட்டாயக் கழிவு 1,000 அல்லது 2,000 ரூபாய் போயிருக்கும். அடுத்த வருடம் நோ கிளெய்ம் போனஸும் போகும். இடித்தவர் வேறொருவராக இருந்தாலும் இதுதான் கதி.

இதற்காக ஆட்-ஆனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே வண்டியை நம்பியிருக்கும் குடும்பம் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தொகையை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. எத்தனை நாள், எந்த நாளிலிருந்து, எந்த ஒர்க் ஷாப் என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இடித்தவர் தர வேண்டாமா?

தர வேண்டும். அடுத்தவர் கவனக்குறைவால் உங்கள் பொருள் சேதமானால், அதைச் சரிசெய்யும் செலவோடு, அது இல்லாமல் நீங்கள் பட்ட நியாயமான இழப்பையும் அவர்தான் ஈடுசெய்ய வேண்டும். தீங்கியல் சட்டத்தின் பழைய பாடம் இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 165-வது பிரிவு, மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்தையும் விசாரிக்கும் அதிகாரத்தை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத் தந்திருக்கிறது. யாருக்கும் காயம் இல்லாவிட்டாலும், வண்டிக்கு மட்டும் சேதம் என்றாலும் அங்கே போகலாம்.  சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் இந்தத் தீர்ப்பாயமாகவும் செயல்படுகிறது.

பேக்கேஜ் பாலிசி வைத்திருக்கும் தனியார் கார் இடித்திருந்தால், மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கும். டூவீலருக்கு ஒரு லட்சம். ஆனால் பிரீமியத்தில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க, சட்டம் முன்பு வைத்திருந்த குறைந்தபட்சமான 6,000 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளும் வசதியும் டாரிஃபில் இருந்தது. இடித்தவர் அப்படிச் செய்திருந்தால், மீதியை அவரிடமே வசூலிக்க வேண்டும்.

வழக்கு என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் எடுக்கும் வாதம், "வண்டியின் சேதத்துக்குத்தான் நாங்கள் பொறுப்பு, நின்ற நாட்களின் வருமானத்துக்கு அல்ல" என்பது. இதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. பஸ், லாரி, டாக்ஸி நின்ற நாட்களுக்கு இழப்பீடு கிடைத்த வழக்குகள் உண்டு. அதைக் கம்பெனி அல்ல, வண்டி உரிமையாளர் தர வேண்டும் என்று முடிந்தவையும் உண்டு. எந்தப் பக்கம் தீர்ப்பு போனாலும், ஜெயித்தவர்கள் கையில் காகிதம் இருந்தது. ஷெட்டுக்குள் போன தேதியும் வெளியே வந்த தேதியும் உள்ள ஜாப் கார்டு, வாடகை ரசீது, முந்தைய மாதங்களின் சவாரிக் கணக்கு. வாயால் சொன்ன வருமானம் எந்தத் தீர்ப்பாயத்திலும் நிற்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரலில் திரும்ப வந்தது. இது நியாயமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வழக்கு எப்படி முடிந்தாலும், ஆறு மாதத்தை மனதில் வைத்து நடப்பதே பாதுகாப்பு.

நடைமுறையில் இவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. ரோட்டோரத்தில் நான்கு பேர் கூடுகிறார்கள். "அண்ணே, ஸ்டேஷன் கோர்ட்டுனு அலைய முடியுமா? ஐயாயிரம் வாங்கிட்டு விடுங்க" என்று ஒருவர் சமாதானம் பேசுகிறார். பணம் கை மாறுகிறது. 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஸ்டேஷனில் எழுதியும் கொடுத்துவிடுகிறோம். அந்த ஐயாயிரத்தில் பம்பர் விலையைக் கணக்குப் போட்டிருப்போம், பெயின்ட் கூலியைப் போட்டிருப்போம். வண்டி இல்லாத பத்து நாளை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். எழுதிக் கொடுத்த பிறகு கேட்கவும் முடியாது.

பத்ராஸில் மூழ்கிய கப்பல்

இந்தக் கேள்வியை இங்கிலாந்து நூறு வருடத்துக்கும் மேலாக விவாதித்து வந்திருக்கிறது. நம் இழப்பீட்டுச் சட்டத்தின் வேரும் அங்கிருந்து வந்ததுதான் என்பதால், அந்த விவாதம் நமக்கும் சொந்தம்.

1900-ல் 'மெடியானா' வழக்கு. மெர்சி ஆற்று முகத்தில் வழிகாட்டும் விளக்குக் கப்பலை மெடியானா என்ற கப்பல் மோதிச் சேதப்படுத்தியது. துறைமுக நிர்வாகத்திடம் இப்படிப்பட்ட சமயத்துக்கென்றே ஒரு மாற்றுக் கப்பல் தயாராக இருந்தது. அதை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பைசா கூடுதல் செலவில்லையே, எதற்கு இழப்பீடு என்று மோதியவர்கள் கேட்டார்கள். பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. ஒருவர் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துப்போய் ஒரு வருடம் வைத்துக்கொண்டு, அவருக்குத்தான் வேறு நாற்காலிகள் இருந்தனவே என்று வாதாட முடியுமா என்று கேட்டார் ஹால்ஸ்பரி பிரபு. வாடகைக்கு வேறு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பொருளைப் பயன்படுத்த முடியாமல் போவதே இழப்புதான் என்பது அன்றே உறுதியானது.

அடுத்த வழக்கு கசப்பானது. 1928 நவம்பரில் கிரேக்க நாட்டின் பத்ராஸ் துறைமுகத்தில் கட்டியிருந்த 'லீஸ்போஷ்' என்ற தூர்வாரும் கப்பலை, 'எடிசன்' என்ற கப்பல் இழுத்துக்கொண்டு போய்க் கடலில் மூழ்கடித்துவிட்டது. லீஸ்போஷின் உரிமையாளர்கள் துறைமுக வேலையை ஒப்பந்தத்தில் எடுத்தவர்கள். தாமதமானால் அபராதம். புதுக் கப்பல் வாங்கக் கையில் பணம் இல்லாததால், 'அட்ரியா' என்ற கப்பலை அதிக வாடகைக்கு எடுத்து வேலையை முடித்தார்கள். 1933-ல் தீர்ப்பு வந்தது. வேறு கப்பல் வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ அந்த அளவில்தான் இழப்பீடு. பணம் இல்லாததால் வந்த கூடுதல் செலவு மோதியவர் பொறுப்பல்ல. வசதி இருந்தவனுக்கு முழு நியாயம், இல்லாதவனுக்குக் குறை நியாயம் என்றே அது முடிந்தது.

எழுபது வருடம் அந்தத் தீர்ப்பு நின்றது. அதை அசைத்தது ஒரு பழைய ஃபோர்டு கிரனாடா கார். லாக்டென் எதிர் ஓ'கானர் வழக்கில், கார் உரிமையாளர் வேலையில்லாதவர், உடல்நலம் குன்றியவர். இடித்தவரின் இன்சூரன்ஸ் பணம் வரும்வரை கையிலிருந்து போட்டு வாடகைக் கார் எடுக்க அவரால் முடியவில்லை. அதனால் 'கிரெடிட் ஹயர்' நிறுவனத்திடம் போனார். இந்த நிறுவனங்கள் முன்பணம் வாங்காமல் கார் கொடுத்துவிட்டு, பின்னால் இடித்தவரின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளும். வாடகை சந்தை விலையைவிட அதிகமாக இருக்கும். அந்த அதிகத்தை யார் தருவது? 2003 டிசம்பர் 4 அன்று ஐந்து நீதிபதிகளில் மூவர், வேறு வழியில்லாதவருக்கு முழுத் தொகையும் உண்டு என்றார்கள். ஏழ்மையும் பாதிக்கப்பட்டவரின் நிலையில் ஒரு பகுதிதான், இடித்தவர் அந்த நிலையிலேயே அவரை ஏற்க வேண்டும் என்று லீஸ்போஷ் விதி ஒதுக்கப்பட்டது. கையிலிருந்து கொடுக்க வசதி உள்ளவருக்கோ சாதாரண வாடகை மட்டுமே. அதற்கான அடித்தளத்தை 2000-ல் வந்த டைமண்ட் எதிர் லவல் தீர்ப்பு போட்டிருந்தது.

நியாயம் கிடைத்த இடத்தில் வியாபாரமும் முளைத்தது. விபத்து நடந்த சில மணி நேரத்தில் போன் வரும், வாசலில் பளபளவென்று ஒரு கார் நிற்கும், பில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். அந்தச் சுமை கடைசியில் எல்லோருடைய பிரீமியத்திலும் ஏறும். இங்கிலாந்தின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2014-ல் முடித்த விசாரணையில் இந்தக் கூடுதல் செலவை ஒப்புக்கொண்டது. ஆனாலும் இதைத் தடுக்கும் மருந்து நோயைவிடச் செலவு பிடிக்கும் என்று பெரிய கட்டுப்பாடு எதையும் விதிக்கவில்லை. லண்டனில் மினிகேப் ஓட்டும் நம் ஆட்களுக்கு இந்த உலகம் நன்றாகத் தெரியும். நீதிமன்றத்தில் வாடகையை நியாயப்படுத்த முடியாமல் போனால் பில் தன் பெயருக்கே திரும்பி வரும் என்ற பயமும் அவர்களுக்கு உண்டு.

அமெரிக்காவில் வேறு வழி. சொந்த பாலிசியில் 'ரென்டல் ரீஇம்பர்ஸ்மென்ட்' என்ற ஆட்-ஆனை எடுத்தவர்களுக்கு நாளொன்றுக்கு 30, 40 டாலர் என்ற வரம்பில், பெரும்பாலும் 30 நாள் வரை வாடகைக் கார் கிடைக்கும். தவறு எதிராளியுடையது என்றால் அவருடைய இன்சூரன்ஸ் தர வேண்டும். வண்டி சரிசெய்ய முடியாத 'டோட்டல் லாஸ்' ஆனால், செட்டில்மென்ட் தொகையைச் சொன்ன சில நாட்களிலேயே வாடகையை நிறுத்திவிடுவார்கள். முழுதாக இழந்தவனுக்குக் குறைவாகவும், பாதி இழந்தவனுக்கு அதிகமாகவும் கிடைக்கிற இந்த முரணை டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் கையில் எடுத்தது. ஒரே ஒரு இழுவை வண்டியை வைத்துத் தொழில் செய்த ஜே அண்ட் டி டோயிங் என்ற நிறுவனத்தின் வழக்கு அது. வண்டி முழுதும் அழிந்த நிலையிலும், மாற்று வண்டி வாங்க ஆகும் நியாயமான காலத்துக்கு இழப்பீடு கேட்கலாம் என்று தீர்ப்பானது. ஒரு டாக்ஸியை வைத்துப் பிழைக்கும் நம் ஊர் டிரைவரின் நிலைமைக்கு இதைவிட நெருக்கமான தீர்ப்பை நான் பார்க்கவில்லை.

வெள்ளை போர்டு ஆபத்து

பாலிசி கைவிட்டவர்கள் என்ன செய்கிறார்கள்? தெரிந்தவரின் தெரிந்தவரிடம் காரை வாடகைக்கு எடுக்கிறார்கள். நாளுக்கு ஆயிரத்தைந்நூறு, பெட்ரோல் நம்முடையது. வெள்ளை நம்பர் பிளேட் கார். இதில் இருக்கும் ஆபத்து முதல் விபத்தைவிடப் பெரியது.

தனியார் கார் பாலிசியின் பயன்பாட்டு வரம்பு, வாடகைக்கு விடுவதை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. அந்தக் கார் உங்கள் கையில் அடிபட்டால், வாடகைக்கு ஓடியது என்று தெரிந்த நொடியில் கம்பெனி சொந்தச் சேதக் கிளெய்மை மறுக்கலாம். யாருக்காவது உயிர்ச்சேதம் ஏற்பட்டால், இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்கும் நிலை வரலாம். நண்பர் பணம் வாங்காமல் கொடுத்த கார் என்றால் சிக்கல் இல்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் உரிமையாளர் சம்மதத்தோடு ஓட்டலாம் என்றுதான் பாலிசியின் டிரைவர் பிரிவு சொல்கிறது. காசு கை மாறும்போதுதான் எல்லாம் மாறுகிறது.

சட்டப்படி நாமே ஓட்டும் வாடகைக் கார் என்றால், கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-வது பிரிவின் கீழ் வந்த 1989-ம் வருட ரென்ட்-எ-கேப் திட்டத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இயக்குபவை அவை. எடுப்பதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். அந்தக் கார் உங்கள் கையில் அடிபட்டால், ரிப்பேர் செலவில் ஒரு பகுதியோடு, வண்டி ஷெட்டில் நிற்கும் நாட்களின் வாடகையையும் உங்களிடமே வசூலிக்கும் நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கார் நின்றால் அந்த நாட்களுக்கு விலை உண்டு, ஒரு குடும்பத்தின் கார் நின்றால் இல்லை என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

செய்ய வேண்டியது

முதல் வேண்டுகோள் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.க்கு. வண்டி இல்லாத நாட்களுக்கான காப்பீடு ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு பெயரில், ஒவ்வொரு நிபந்தனையில் இருக்கிறது. இதற்கு ஒரே மாதிரியான வாசகம் தேவை. நாட்களை வண்டி ஷெட்டுக்குள் நுழைந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். கம்பெனியும் அதன் கேஷ்லெஸ் ஒர்க் ஷாப்பும் செய்த தாமதத்தை வாடிக்கையாளர் கணக்கில் கழிக்கக் கூடாது. டாக்ஸி, ஆட்டோ, சரக்கு வண்டி பாலிசிகளில், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் தவிர இது தானாகச் சேர வேண்டும். உழைப்பவனுக்கு அவனுடைய வண்டிதான் முதலீடு. அது நிற்கும் நாட்களைக் கணக்கில் எடுக்காத பாலிசியை முழுமையான பாலிசி என்று விற்கக் கூடாது.

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தாராளமாகக் கொடுத்தால் ஷெட்டில் வண்டியை வேண்டுமென்றே நிறுத்திவைப்பார்கள், பொய் பில் வரும் என்கிறார்கள். இங்கிலாந்தைப் பார்த்தால் அந்தப் பயம் வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பழுதுக்கு எத்தனை நாள் ஆகும் என்பதைச் சர்வேயரே அறிக்கையில் எழுதிவிட்டால் பாதி மோசடி அங்கேயே நின்றுவிடும்.

இனி நம் பக்கம். விபத்து நடந்த அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, கிளெய்ம் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை ஷெட்டில் விட்ட தேதி, சர்வேயர் வந்த தேதி, ஒப்புதல் வந்த தேதி மூன்றையும் வாட்ஸ்ஆப்பிலோ மெயிலிலோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கால் டாக்ஸி ரசீதுகளை அழிக்காதீர்கள். இடித்த வண்டியின் நம்பர், அதன் இன்சூரன்ஸ் விவரம், போலீஸில் வாங்கிய சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர். நகல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். சமாதானம் பேசுவதானால், வண்டி நிற்கப்போகும் நாட்களையும் சேர்த்துப் பேசுங்கள்.

கம்பெனி கெடுவை மீறி இழுத்தடித்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான தனிநபர் புகார்களை எடுத்துக்கொள்வார்கள். தாமதத்தால் ஆன செலவைச் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் கேட்கலாம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா உதவி எண் 155255.

உங்கள் பாலிசி எப்போது முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ரெனியூவலுக்கு ஏஜென்ட் போன் செய்யும்போது, பிரீமியம் எவ்வளவு குறையும் என்ற பேச்சுக்குப் போகும் முன்னால், "வண்டி ஷெட்டுல நின்னா நாளுக்கு எவ்வளவு தருவீங்க, எத்தனை நாளைக்குத் தருவீங்க?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு அதன் பிறகு பணம் கட்டுங்கள்.